ஒரே பஸ்தி, மூன்று பன்னாட்டு அமைப்புகள்: பணத்தைச் சேர்ப்பதா, பட்டியலைச் சேர்ப்பதா?

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தெற்கு தில்லியில் அறுநூறு வீடுகள் கொண்ட ஒரு பஸ்தி, அதாவது குடிசைப்பகுதி. அங்கே குடிநீர், கழிப்பறை வேலைக்கு ஒரு ஐ.நா. அமைப்பு பணம் தருகிறது. வளரிளம் பெண்களின் ஊட்டச்சத்துக்கு இன்னொரு ஐ.நா. அமைப்பு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வேறு வருமானம் ஏற்படுத்த ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை. களத்தில் இறங்கப் போவது இரண்டு தன்னார்வ அமைப்புகள். இந்த மூன்று பணத்தையும் எப்படிக் கோத்து நடத்துவது என்பதுதான் கேள்வி. தில்லியில் திட்ட அலுவலகங்களிலும் தன்னார்வ அமைப்புகளிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலரின் மேசைக்கு இது வரும். பெரும்பாலும் நிதியாண்டு முடியும் அவசரத்தில் வரும். அவசரத்தில் தப்பான வழி தேர்வாகிவிடும்.

வழிகள் நான்கு. ஒவ்வொரு அமைப்பும் தன் பணத்தைத் தானே வைத்துக்கொண்டு, திட்டத்தை மட்டும் சேர்ந்து போடுவது ஒன்று. ஓர் அமைப்பை முன்னணியாக வைத்து, மற்றவை தங்கள் பணத்தை அதன் கையில் கொடுப்பது இரண்டு. கொடையாளர் பணம் முழுவதும் ஒரு பொது நிதிக்குப் போய், அங்கிருந்து அமைப்புகளுக்குப் பிரிவது மூன்று. அரசுத் துறை ஒன்றைத் தலைமையாக வைத்து, பன்னாட்டு அமைப்புகள் அதற்குத் துணை நிற்பது நான்கு.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தில்லி பஸ்தி அளவிலான வேலைக்கு, நான்குக்குக் குறைவான அமைப்புகள் இருந்தால், பணம் அவரவர் கையில் இருக்கட்டும். வீட்டுப் பட்டியல், சொற்களின் வரையறை, காலாண்டு நாட்காட்டி ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது முதல் வழி, ஆனால் வழக்கமாக நடப்பதைவிடக் கறாராக. மற்ற மூன்றும் எப்போது பொருந்தும் என்பதையும் சொல்கிறோம்.

பொது நிதியால் மிச்சமாகுமா?

பொது நிதிக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது செலவுச் சிக்கனம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொடையாளர் 10,00,000 டாலர் தருகிறார். ஐ.நா.வின் பொது நிதியில் நிர்வாக முகவருக்கு, அதாவது பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புக்கு, 1 சதவீதம் போகும்: 10,000 டாலர். மீதி 9,90,000 டாலரிலிருந்து ஒவ்வொரு அமைப்பும், களத்தில் செலவாகும் தொகையின் மேல் 7 சதவீதத்தை மறைமுகச் செலவாக, அதாவது தன் பொது நிர்வாகத்துக்காக, எடுக்கும். களத்துக்கு வருவது சுமார் 9,25,200 டாலர்.

அதே பணத்தைக் கொடையாளர் தனித்தனியாகத் தந்தால் யுனிசெஃப், யு.என்.டி.பி. (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) போன்றவை அதே முறையில் வழக்கமாக 8 சதவீதம் எடுக்கும். ஒரே அமைப்புக்கு, குறிப்பிட்ட வேலைக்கென்று கட்டித் தரப்படும் பணத்துக்கு 2019 முதல் 1 சதவீத ஒருங்கிணைப்புத் தீர்வையும் உண்டு. 10,000 டாலர் தீர்வை போக, களத்துக்கு வருவது சுமார் 9,16,700 டாலர். வித்தியாசம் 8,500 டாலர். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பொது நிதிக்கென்று ஒரு செயலகம், அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், இரண்டு வழிநடத்தல் குழுக் கூட்டம் என்று பட்ஜெட்டில் எழுதியவுடன் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆகவே பணம் மிச்சமாகும் என்பதற்காகப் பொது நிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கையெழுத்து வேலையும் இருக்கிறது. பங்கேற்கும் ஒவ்வொரு அமைப்பும் நிர்வாக முகவரோடு ஒப்பந்தம் போட வேண்டும். கொடையாளர் முகவரோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும். எல்லோரும் சேர்ந்து கூட்டுத் திட்ட ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு தலைமையகத்தின் சட்டப்பிரிவும் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால், மற்ற எல்லோருக்கும் ஆவணம் திரும்பிப் போகும். இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு இது தாங்காது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஐ.நா. அமைப்புகள், ஒரே கொடையாளர், மூன்று ஆண்டுக்குக் குறையாத காலம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் பொது நிதிக்குப் போகலாம். அப்போது அது உண்மையிலேயே நல்ல வழி: கொடையாளருக்கு ஒரே அறிக்கை, அமைப்புகளுக்குள் பணத்தை மாற்றிக்கொள்ள ஒரே குழு.

சட்டம் குறுக்கிடும் இடம்

மூன்று பணமும் ஒரே மாதிரிப் பணம் அல்ல என்பதைப் பலர் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறைக்குள் ஐ.நா.வும் அதன் சிறப்பு அமைப்புகளும், உலக வங்கியும், பன்னாட்டு நிதியமும், மத்திய அரசு அறிவிக்கையால் விலக்கிய வேறு சில அமைப்புகளும் வருவதில்லை. வெளிநாட்டு அறக்கட்டளை வரும். ஆகவே நம் கணக்கில் இரண்டு பணம் எஃப்.சி.ஆர்.ஏ.வுக்கு வெளியே, ஒன்று உள்ளே.

உள்ளே இருக்கும் பணத்துக்கு 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு மூன்று கட்டுப்பாடுகள் கடுமையாகிவிட்டன. முதலில் அது சன்சத் மார்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அந்தக் கணக்கில் வேறு பணம் கலக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெற்ற அமைப்புக்கும் கொடுக்க முடியாது.

இரண்டாவது வழியின் ஒரு வடிவம் இதனால் அடிபடுகிறது. பெரிய தன்னார்வ அமைப்பு ஒன்று முன்னணியாக நின்று மூன்று பணத்தையும் வாங்கி, பஸ்தியில் வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது முன்பு பரவலாக இருந்த முறை. அறக்கட்டளைப் பணத்துக்கு அது இனி நடக்காது. பிரித்துக் கொடுப்பதைச் 'சேவைக் கட்டணம்' என்று பெயர் மாற்றி எழுதலாமே என்று யாராவது யோசனை சொன்னால், ஆடிட்டரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். வேலை உண்மையில் மானியமாக இருந்தால், பெயர் அதைக் காப்பாற்றாது, பதிவே போகும். அறக்கட்டளை இரண்டு களஅமைப்புகளோடும் நேரடியாகத் தனித்தனி ஒப்பந்தம் போடுவதே சரி. சிறிய அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லையென்றால், அதை ஐ.நா. பணத்தில் நடக்கும் வேலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். யார் எந்த வேலையைச் செய்வது என்பதையே இந்த ஒரு விஷயம் தீர்மானிக்கும் என்பதால், திட்டம் எழுதுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய காகிதம் இது.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஐ.நா. அமைப்புகளுக்குத் தனி அடையாள எண் இருக்கிறது. தாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் காலாண்டுதோறும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அதே பொருளைத் தன்னார்வ அமைப்பு மானியப் பணத்தில் வாங்கினால் வரி செலவாகவே போகும். பத்து லட்ச ரூபாய்க்கு மடிக்கணினி என்றால் 18 சதவீதம், ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஆகவே பெரிய கொள்முதலை ஐ.நா. அமைப்பே நேரடியாகச் செய்து பொருளாகத் தரட்டும். இதற்கு விலையாக ஒன்றைத் தாங்க வேண்டும்: அவர்களின் டெண்டர் மெதுவாக நகரும். மழைக்காலத்துக்கு முன் வேண்டிய பொருளுக்குக் குளிர்காலத்திலேயே கோரிக்கை போயிருக்க வேண்டும்.

ஒரே கழிப்பறை, இரண்டு பதில்

பணத்தைவிட எங்களுக்குக் கவலை தருவது எண்ணிக்கை. பஸ்தியில் டூசிப் (தில்லியின் குடிசைப்பகுதிகளைக் கவனிக்கும் அரசு வாரியம்) நடத்தும் பொதுக் கழிப்பறை வளாகம் ஒன்று இருக்கிறது என்போம். தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் கணக்கில், பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பம் கழிப்பறை வசதி உள்ள குடும்பம்தான். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வைத்திருக்கும் கண்காணிப்புப் படிநிலையில், பிற வீடுகளோடு பகிர்ந்துகொள்ளும் கழிப்பறை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், 'வரம்புக்குட்பட்டது' என்ற படியில்தான் நிற்கும். 'அடிப்படை' என்ற அடுத்த படிக்கு ஏறாது. அறுநூறு வீட்டில் ஒரு செங்கல்கூட நகராமல், ஓர் அறிக்கையில் இலக்கு எட்டப்பட்டதாகவும் இன்னோர் அறிக்கையில் எட்டப்படாததாகவும் வரும்.

தண்ணீரும் இப்படித்தான். போய், வரிசையில் நின்று, திரும்பி வர முப்பது நிமிடத்துக்குள் முடிந்தால்தான் அந்தப் படிநிலையில் 'அடிப்படை'. தில்லியின் குடிநீர் வாரியமான ஜல் போர்டின் டேங்கருக்காக நாற்பது நிமிடம் காத்திருக்கும் வீடு ஒரு படி கீழே இறங்கிவிடும். 'டேங்கர் வருகிறதா' என்று மட்டும் கேட்கும் படிவத்தில் அந்த வீடு முழுமதிப்பெண் வாங்கும். எனவே நிமிடத்தைக் கேட்க வேண்டும். மே, ஜூன் மாதத்தில் கேட்க வேண்டும்.

இதோடு இரட்டை எண்ணிக்கை. ஒரே வீட்டில் அம்மா தையல் பயிற்சியில், மகள் ஊட்டச்சத்துக் குழுவில், வீடு தண்ணீர் இணைப்புப் பட்டியலில். மூன்று அறிக்கையையும் கூட்டினால் அறுநூறு வீட்டுப் பஸ்தியில் ஆயிரத்து எண்ணூறு வீடு பயனடைந்திருக்கும். பணத்தை ஒரே நிதியில் போட்டாலும் இந்தக் கோளாறு போகாது. பட்டியல் ஒன்றானால் போகும்.

இளம்பிள்ளைவாத ஒழிப்பு இந்தியாவில் இதற்கு இருக்கும் மிகப் பெரிய சான்று. 1997-இல் உலகச் சுகாதார நிறுவனமும் மத்திய அரசும் தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. திடீரென்று கைகால் தளர்ந்த குழந்தையிடமிருந்து 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரி எடுப்பது அந்தக் கண்காணிப்பின் விதி. வீடு வீடாகப் பேசி மக்களை இணங்க வைக்கும் வலைப்பின்னலை யுனிசெஃப் கட்டியது. ரோட்டரி பணமும் ஆதரவும் திரட்டியது. தடுப்புமருந்துக் கிடங்கிலிருந்து தெருவரைக்கும் ஆள் தந்தது அரசு. ஒவ்வொருவரின் பணமும் ஒவ்வொருவரின் கணக்கில்தான் இருந்தது. ஆனால் தெருவரைபடம் ஒன்று. சொட்டு மருந்துக் குழு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாக்பீஸால் எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்தாயிற்று என்றால் 'பி' என்றும், யாராவது விடுபட்டால் 'எக்ஸ்' என்றும் எழுதிவிட்டுப் போகும். எந்த அமைப்பின் ஆள் பின்னால் வந்தாலும் 'எக்ஸ்' வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும் என்பது தெரியும். 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் பதிவானது இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழ். பட்டியல் ஒன்றாக இருந்தால் பணம் தனித்தனியாக இருந்தும் நாடளவு வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

முன்னணி அமைப்பு எங்கே பொருந்தும்

கட்டுமானக் கடனில் பொருந்தும். சராய் காலே கானிலிருந்து மீரட் பக்கம் ஓடும் 82 கிலோமீட்டர் நமோ பாரத் ரயிலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி முன்னணி. ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் புதிய வளர்ச்சி வங்கியும் தலா 50 கோடி டாலர் சேர்த்தன. ஒரே தூணுக்கு மூன்று வங்கியின் சுற்றுச்சூழல் விதியையும் பொருத்திக்கொண்டிருக்க முடியாது. ஒருவர் விதியை மற்றவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் வேறு மாதிரி: ஜப்பானின் ஜைக்கா உட்படக் கடன் தந்த நான்கு அமைப்புகள், வழித்தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டன. வெட்டிப் பிரிக்கக்கூடிய வேலை என்பதால் அங்கே அது சரி. பஸ்தியைக் கெஜம் கெஜமாகப் பிரிக்க முடியாது.

ஐ.நா. அமைப்புகளுக்குள் ஒன்று முன்னணியாகும்போது ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: முன்னணி அமைப்பு தன் மறைமுகச் செலவை எடுத்த பிறகு, அடுத்த அமைப்பும் தன் பங்கை எடுக்குமா, அல்லது ஒரு சதவீதத்தை இருவரும் பகிர்ந்துகொள்வார்களா? எழுதாமல் விட்டால் இரண்டு முறை கழியும்.

ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் இருக்கிறாரே, அவர் தீர்த்துவைப்பாரே என்ற நம்பிக்கையும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பதவி யு.என்.டி.பி.யிலிருந்து பிரிந்து தனியாக இயங்குகிறது. கூட்டம் கூட்ட அவரால் முடியும், முரண்பாட்டைப் பேசித் தீர்க்க முடியும். ஓர் அமைப்பின் பட்ஜெட்டை இன்னோர் அமைப்புக்கு மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது தலைமையகங்களில் இருக்கிறது.

அரசு தலைமை ஏற்றால்

கொள்கை அளவில் இதுவே முதன்மையானது. வெளிநாட்டு உதவி பற்றிய உடன்பாடுகள் 2005 பாரிஸ் பிரகடனம் முதல், உதவி பெறும் நாட்டின் உரிமையையே முன்வைக்கின்றன. 2023–2027க்கான இந்தியா–ஐ.நா. ஒத்துழைப்புச் சட்டகத்தை ஐ.நா.வோடு சேர்ந்து நிதி ஆயோக் கையெழுத்திட்டிருக்கிறது. ஆறு விளைவுப் பகுதிகள் அதில் உண்டு. ஆனால் அந்த ஆறில் எதுவும் பஸ்தியின் சாக்கடை யாருடையது என்று சொல்லாது.

தில்லியில் அந்தக் கேள்விக்குப் பதில் ஐந்து அலுவலகங்களில் கிடக்கிறது. தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் ஜல் போர்டு. குப்பையும் சிறு சாக்கடையும் மாநகராட்சியான எம்.சி.டி. பொதுக் கழிப்பறையும் மறுகுடியமர்த்தலும் டூசிப். பெரிய வாய்க்கால் வேறு துறை. நிலம் தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.வுடையதாக இருக்கலாம், ரயில்வேயுடையதாக இருக்கலாம். 'அரசு தலைமை' என்று ஆவணத்தில் எழுதினால் இதில் யார் என்று எழுத வேண்டும். நிலம் யாருடையது என்று தெரியாமல் போட்ட குழாய் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படும். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலோரம் தமிழர்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. தகுதி பெற்றதாகக் கணக்கிடப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் வீடு. வீட்டு வேலைக்குப் போன பெண்களின் வேலையிடங்களும் பிள்ளைகளின் பள்ளியும் தெற்கிலேயே நின்றுவிட்டன. தில்லித் தமிழர் யாருக்கும் அது வெறும் செய்தி அல்ல.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை, டூசிப்பின் குடிசைப்பகுதிப் பட்டியலில் அந்தப் பஸ்தி இருக்கிறதா, நில உடைமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. 2015 கொள்கைப்படி பஸ்தி 2006 ஜனவரி 1-க்கு முன்பும், வீடு 2015 ஜனவரி 1-க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். இது தெளிவாக இல்லாத இடத்தில் நிலத்தில் பதியும் முதலீட்டைக் குறைத்து, மனிதரோடு கூடவே போகும் முதலீட்டை, அதாவது பயிற்சி, சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஊட்டச்சத்து ஆகியவற்றைக் கூட்டுங்கள். மாறாக, குழாயோ கழிப்பறையோ திட்டம் முடிந்த பிறகும் நிற்க வேண்டியதென்றால், அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஜல் போர்டையோ டூசிப்பையோ தலைமையாக வைத்து, பராமரிப்புப் பட்ஜெட் எந்தத் தலைப்பில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொறுப்பு அதிகாரியைப் பெயரால் குறிக்காமல் பதவியால் குறிக்கச் சொல்லுங்கள். இடமாற்றம் வந்தால் புதியவருக்கும் அந்த உத்தரவு செல்லும்.

தேர்ந்தெடுத்த வழியை நடத்துவது

வீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், கதவில் அதே எண். மூன்று அமைப்பும் அந்த எண்ணைத் தவிர வேறெதையும் தங்கள் படிவத்தில் பயன்படுத்தக் கூடாது. ஆதார் எண்ணைச் சேகரிக்க வேண்டாம். இந்த வேலைக்கு அது தேவையில்லை, கசிந்தால் ஆபத்து. பட்டியலைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும். வரையறைத் தாள் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது: வீடு, குடும்பம், வசதி, பயனாளி என்ற நான்கு சொல்லுக்கும் மூவரும் கையெழுத்திட்ட பொருள். பகிர்வுக் கழிப்பறையை இரண்டு முறையிலும் எண்ணி, இரண்டு நெடுவரிசையில் வைத்தால் சண்டை முடிந்தது.

அறிக்கைக் காலத்துக்கு ஒரு வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஐ.நா.வின் ஆண்டு ஜனவரி முதல், இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல், உலக வங்கிக்கு ஜூலை முதல். ஆண்டுகள் பொருந்தாவிட்டாலும் காலாண்டுகள் எல்லாம் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில்தான் முடிகின்றன. லெட்ஜரை மாதவாரியாக, வேலைக்குறியீட்டோடு எழுதினால் எந்த அமைப்பின் ஆண்டையும் நான்கு காலாண்டைக் கூட்டிப் பெறலாம். யுனிசெஃப், யு.என்.டி.பி., யு.என்.எஃப்.பி.ஏ. (ஐ.நா. மக்கள்தொகை நிதியம்) ஆகியவற்றுக்கு முன்பண முறை ஒன்றே, படிவமும் ஒன்றே. ஓர் அமைப்பு உங்கள் கணக்கு முறையை ஏற்கெனவே மதிப்பீடு செய்திருந்தால், அந்த அறிக்கையை அடுத்த அமைப்பிடம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். கேட்காவிட்டால் இரண்டாவது மதிப்பீடு வரும், இரண்டு வாரம் போகும்.

பஸ்தித் தொண்டர்களின் நாள்படி மூன்று திட்டத்திலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று 300 ரூபாயும் இன்னொன்று 500 ரூபாயும் தந்தால் ஒரு மாதத்துக்குள் எல்லோரும் 500 பக்கம் போய்விடுவார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. முழுநேர வேலை வாங்கினால் தில்லியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகவே கூடாது.

கூட்டம் மாதம் ஒருமுறை, பஸ்திக்குள். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவரை அனுப்பினால் கூட்டம் வீண்; அதனால் மினிட்ஸ் வந்து பத்து வேலைநாளுக்குள் மறுப்பு சொல்லாவிட்டால் ஒப்புதல் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நிறுத்தப் பிரிவைத் தனியாகப் படியுங்கள். 2025 ஜனவரி 20-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தபோது, ஒரே கொடையாளரை நம்பிய வேலைகள் உலகெங்கும் நின்றன. தனித்தனிப் பணத்தில் நடந்தவற்றில் மற்ற பகுதிகளாவது ஓடின. 'நிறுத்தும் நாள்வரை செய்த செலவும், திரும்பப் பெற முடியாத கடப்பாடும் தரப்படும்' என்ற வாக்கியம் மூன்று ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். ஓர் அமைப்பு விலகினாலும் வீட்டுப் பட்டியலின் நகல் மற்ற இருவரிடமும் தொடர்ந்து இருக்கும் என்பதையும், திட்டம் முடிந்ததும் பெயர், தொலைபேசி எண் நீக்கிய நகலை மட்டுமே வெளியே தரலாம் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.